ஒத்தக் குரல்

பள்ளிக்கூடம் என்றால் இரைச்சல் கேட்க வேண்டும். நான் சிறுமியாக இருந்த காலத்திலும் சரி, கல்யாணமாகி அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த காலத்திலும் சரி, அதுதான் கணக்கு. போர்டு ஸ்கூல் அரிச்சுவடி வகுப்பில் பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவது கடைத்தெரு வரைக்கும் கேட்கும். கத்தல் குறைந்தால் வாத்தியார் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். பிரம்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் சத்தமே வராத ஒரு பள்ளிக்கூடத்தை அந்த டீச்சர் நடத்தினார். ஊர் பயப்படாமல் என்ன செய்யும்?

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துவிட்டபிறகு, போகிற போக்கில் அதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஊர் அவரைச் 'சத்தமில்லா டீச்சர்' என்றது. அதுவே இருக்கட்டும்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ரயிலாக ஓடிவந்த வருஷம் அவரும் வந்தார். மற்றவர்கள் அண்டா குண்டா, அம்மி, தையல் மிஷின் என்று இறக்கினார்கள். இவர் ஒரு தகரப் பெட்டியை மட்டும் இறக்கினார். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். "அந்தம்மா பெட்டிய ஒரு நாள் பூரா பிளாட்பாரத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கல. பாவம், வூடு வாசல் இல்ல போலருக்கு" என்று வந்து சொன்னார். பெட்டிக்குள் இருந்தது உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். மரச்சாமான் தேய்ப்பதற்கு ஆசாரி வைத்திருப்பாரே, அந்த உப்புத்தாள். 'அ' முதல் எல்லா எழுத்தையும் அதில் வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தார்.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதற்கென்றே பட்டணத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் பயிற்சி எடுத்தவராம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள்தான் வேண்டும் என்றார். அந்த வயதுப் பிள்ளைகள் யாருக்கு வேண்டும்? அழுதால் முதுகில் ஒன்று வைத்து, அழாவிட்டால் வாசலில் விட்டுவிட்டு, நாங்கள் வேலையைப் பார்ப்போம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடலைக் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. கூட்ஸ் வண்டியெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் மூட்டை வரத்து நின்றிருந்தது. கிடங்குக்காரர் பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கொடுத்தார். பெரம்பலூர் பக்கத்து அரும்பாவூரிலிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்து, குட்டி மணை, குட்டி அலமாரி, குழியில் பொருத்தி எடுக்கிற மர உருளைகள் எல்லாம் செய்யச் சொன்னார். தேருக்கு யாளி செதுக்குகிற மனிதர், மரத்தில் உருளை உருளையாகக் கடைந்து கொடுத்துவிட்டு, "இது எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

சரசுவைச் சேர்க்க நான் போன நாள் எனக்கு மறக்காது. சரசு என் பெண். அப்போது நான்கு வயது. டீச்சர் மெலிந்த உடம்பு, கைத்தறிச் சேலை. கையில் வளையல் இல்லை, காலில் கொலுசு இல்லை. வளையல் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும் என்று கழற்றிவிட்டாராம். இதை வைத்து ஊர்ப் பெண்கள் அவரைத் தாலி அறுத்தவள் என்று முடிவு கட்டினார்கள். நெற்றியில் பொட்டு இருக்கிறதே என்றால், அதையும் சந்தேகத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார். குரல் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"ஒண்ணுதாங்க. இவதான்."

என் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, சொல்லட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. சரசுவுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. பெயர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டது. பெயர் வைக்காத பிள்ளையைக் கணக்கில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சொன்னால் இருக்கிறதற்கும் ஆகாது என்பார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பார்வை முதுகில் இருந்தது.

அவர் வழக்கமே அதுதான். ஒன்றைக் கேட்பார், அப்புறம் காத்திருப்பார். பால்காரனிடம் "பால் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்பாராம். அவன் ஒருநாள் தாங்க மாட்டாமல், "கொஞ்சம்தாங்க ஊத்தினேன், கெணத்துத் தண்ணிதாங்க" என்று தானாகவே சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து எங்களுக்கெல்லாம் தண்ணீரும் அவருக்குப் பாலும் ஊற்றினான். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

வகுப்பைப் பார்த்தும் முதலில் சிரித்தோம். பிள்ளைகள் குட்டித் துடைப்பத்தால் பெருக்கினார்கள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் புளியங்கொட்டையைச் சிந்தாமல் மாற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டு உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவினார்கள். மணையைச் சத்தம் வராமல் தூக்கிச் சத்தம் வராமல் வைப்பதற்கு ஒரு பாடம்! "பெருக்கவும் பொறுக்கவும் நீ சொல்லித் தரமாட்டியா? அதுக்கு ஒரு ஸ்கூலா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் சரசு வீட்டுக்கு வந்து அவர் மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு முன் இரண்டு கண்ணாடி உடைத்தவள் அவள்.

சிரிப்பு நின்றது அந்த விளையாட்டைப் பார்த்த நாளில்தான்.

சரசுவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கிடங்குக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போய்விட்டாரோ என்று ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஜன்னல்களெல்லாம் சாத்தி, உள்ளே அரை இருட்டு. அந்த இருட்டில் பிள்ளைகள் கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுகூட அசையவில்லை. மூக்கை உறிஞ்சவில்லை, சொறியவில்லை. ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி சொட்டுவது எனக்கு அங்கே கேட்டது. ஒரு பிள்ளை எப்போது அப்படி அசையாமல் இருக்கும்? நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கிடங்கின் பின்பாதியைச் சாக்குத் திரை போட்டு மறைத்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு வந்தது. பேச்சில்லை, மூச்சுதான். அதில் ஒரு பெயர் இருந்தது. ஒரு பிள்ளை எழுந்து, நுனிக்காலில் நடந்து, திரைக்குப் பின்னால் போயிற்று. போனது போனதுதான். சிரிப்பில்லை, பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூச்சு. இன்னொரு பிள்ளை. இப்படி ஒவ்வொன்றாக அறை காலியாகிக்கொண்டே வந்தது. பிறகு "சரசு" என்று வந்தது. என் பெண் எழுந்து போனாள்.

நான் தூக்குச் சட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். பிள்ளைகளெல்லாம் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்கள். சரசு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். கடைசியாக "காசி" என்று டீச்சர் கூப்பிட்டார். ரயில்வே கேட்காரர் மகன் காசி திரையை விலக்கிக்கொண்டு வந்தான். விளையாட்டு முடிந்தது.

காசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அம்மா அவனைப் பெற்றாளா, காற்றைப் பெற்றாளா என்று கேட்பார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டான். ரயில்வே கேட்டில் ஏறி ஆடிக்கொண்டே வருவான். அவனால் காத்திருக்க முடியாது என்று டீச்சர் அவனைத்தான் முதலில் கூப்பிடுவாராம். ஒருநாள் அவனே வந்து, "என்னயக் கடைசியாக் கூப்புடுங்க டீச்சர், நான் இருப்பேன்" என்றானாம். இருந்தும் காட்டினான். அன்றிலிருந்து கடைசிப் பெயர் அவனுடையது. அதில் அவனுக்கு அத்தனை பெருமை.

அன்றைக்கு நான் டீச்சரிடம் சண்டைக்கு நின்றேன்.

"எங்க ஊருப் பக்கம் ஒத்தக் குரல் குடுத்துக் கூப்பிட மாட்டோம் டீச்சர். அதுவும் மறைவுல நின்னுக்கிட்டு."

"ஏங்க?"

"பேய்தாங்க ஒரு தடவை கூப்பிடும். மனுசன்னா மூணு தடவை கூப்பிடுவான். ஒத்தக் குரலுக்கு ஏன்னு கேக்காத, திரும்பிப் பாக்காதன்னு சொல்லிச் சொல்லித்தான் புள்ளைய வளக்கிறோம். நீங்க அதுக்கே எழுந்து போகச் சொல்லித் தரீங்க."

அவர் யோசித்தார். பரிகாசம் செய்யவில்லை. பிறகு சொன்னார்: "மூணு தடவை கூப்பிடணும்னா, மொத ரெண்டு தடவையும் யாரும் கேக்கலன்னுதானே அர்த்தம், சரசு அம்மா? நான் குழந்தைங்களுக்குக் கேக்கச் சொல்லித் தரேன். அவ்வளவுதான்."

"இவ்வளவு நேரம் கூப்பிடாம வெச்சிருந்தா பயந்துக்காதா?"

"கூப்பிடுவாங்கன்னு தெரிஞ்சா பயம் கிடையாதுங்க. ஒருத்தரையும் கூப்பிடாம விட்டுட்டு விளையாட்டை முடிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் இதுல சட்டம்."

வேண்டுமானால் நீங்களும் வந்து உட்காருங்கள் என்றார். சில நாள் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மற்ற வேலைகளில் அவர் கையும் காலும் பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடும். அந்த ஒரு விளையாட்டில் மட்டும் முகம் மாறிவிடும். ஒவ்வொரு பெயரையும் சொல்வதற்கு முன் கண்ணை மூடி, அந்தப் பிள்ளையை முழுதாக நினைத்துக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

சரசுவுக்குக் காது கூர்மையாகிவிட்டது. உலை கொதிப்பதை நான் அறிவதற்கு முன் சொல்வாள். சிக்னல் இறங்குவதற்கு முன் ரயில் வருகிறது என்பாள். அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மத்தியானத்தில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், சட்டென்று தலையைத் தூக்குவாள்.

"யாரோ கூப்புடுறாங்கம்மா."

"யாரும் கூப்பிடலடி. நீ சும்மா இரு."

"என்னய இல்லம்மா. ஒன்னத்தான்."

பேச்சை மாற்றி அவளுக்குத் தின்ன எதையாவது கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி மழையோடு ஊருக்குள் வாந்திபேதி வந்தது. காசி காலையில் கேட்டில் ஆடினான், மறுநாள் விடியும்போது இல்லை. அவன் அம்மா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத அழுகையை இந்த வயதிலும் என்னால் எழுத முடியாது. வகுப்பைக் கொஞ்ச நாள் மூடிவிட்டு, நோய் தணிந்தபிறகு டீச்சர் திறந்தார். எனக்கும் மனது சரியில்லாமல் அன்றைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளையாட்டு நடந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரும் பாக்கியில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். டீச்சர் கண்ணை மூடினார்.

"காசி" என்றார்.

பிள்ளைகள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயமே இல்லை அவர்கள் முகத்தில். திரை அசைந்தது. காற்று என்று சொல்லலாம். ஜன்னல் சாத்தியிருந்தது. திரையோரம் உட்கார்ந்திருந்த சரசு, நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள். அவளுக்கு அடுத்திருந்த பையன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நடுவில் ஓர் ஆள் இடம் உண்டாயிற்று. விளையாட்டு முடிந்தது.

ஊரில் விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? செத்த பிள்ளையைக் கூப்பிடுகிறாள், நாளைக்கு அது வந்து நம் பிள்ளையைக் கூப்பிடும் என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் தன் இரட்டைப் பிள்ளைகளை நிறுத்தினாள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். காசியின் அம்மா டீச்சரை மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே போனது. அவள் கிடங்கு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வந்தானா டீச்சர்?"

"நான் கூப்பிட்டேம்மா."

"வந்தானான்னு கேக்குறேன்."

உள்ளேயிருந்து மிச்சமிருந்த பிள்ளைகள்தான், "வந்தான், வந்தான்" என்றார்கள். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு விளையாட்டு நேரம் தவறாமல் வந்து உட்காருவாள்.

நானும் சரசுவை நிறுத்தினேன். எனக்கு இருப்பது ஒன்று. அதையும் பரிசோதனைக்குக் கொடுக்க நான் தயாரில்லை. "இனிமே ஒத்தக் குரலுக்கு எழுந்து போனேன்னா காலை ஒடிச்சுப்புடுவேன். மூணு தடவை கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கணும்" என்று மிரட்டி வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். டீச்சர் பார்க்கிற அதே பார்வை.

கார்த்திகையில் ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் சரசுவைக் காணவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சோளக்கொல்லை. கதிர் வாங்கி ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கொல்லைக்கு நடுவில் ஒரு மொட்டைக் கிணறு உண்டு. சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். வரப்பில் சரசுவின் துணிப் பொம்மை கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. கல்லங்குறிச்சிப் பெருமாளே, மொட்டை போடுகிறேன், காவடியும் எடுக்கிறேன் என்று பெருமாளுக்கும் முருகனுக்கும் வேண்டுதலைக் குழப்பி வேண்டினேன். ஆட்கள் தகரத்தைத் தட்டினார்கள். தீவட்டி வந்தது. "சரசு! ஏ சரசு!" என்று ஊரே கத்தியது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். கொல்லைக்குள்ளிருந்து ஒரு பதிலும் இல்லை.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். டீச்சர். அவர் வாய் அசைந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. காதருகே வந்து, "சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்காது" என்றார்.

என்னைச் சுற்றி ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இவளைக் கூப்பிட விடாதே என்று ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரும்பி, வாழ்நாளில் போடாத ஒரு சத்தம் போட்டேன்.

"எல்லாரும் வாய மூடுங்கடா!"

தகரம் நின்றது. பேச்சு நின்றது. தீவட்டி எரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்காத மாதிரி ஆயிற்று. சோளத்தோகை ஒன்றோடொன்று உரசியது. டீச்சர் கொல்லைக்குள் இறங்கவில்லை. வரப்பில் நின்று கண்ணை மூடினார்.

"சரசு."

பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. ஒரே தடவை. இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று காலில் விழத் தோன்றியது. அவர் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

தோகை விலகியது. சரசு நுனிக்காலில், சத்தம் வராமல், ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. வலது கையைச் சற்று விலக்கி, பக்கத்தில் வருகிற யாரையோ பிடித்திருப்பதுபோல் வைத்திருந்தாள். டீச்சர் அவளை அணைத்துக்கொண்டார். அணைத்தபடியே, என் காதில் மட்டும் விழும்படி, "காசி" என்று இன்னொரு பெயரையும் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்தார்.

"நான் அத்தினி தடவை கூப்பிட்டேனேடி, ஏண்டி வரல?" என்று அவளை உலுக்கினேன். அடிக்கவும் செய்தேன், முத்தமும் கொடுத்தேன்.

"நீங்கெல்லாம் கத்துனீங்கம்மா. காசி சொன்னான், அசையாத, வெளயாட்டு இன்னும் முடியல, டீச்சர் கூப்புடுவாங்கன்னு."

விடிந்ததும் என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சோளம் மடிந்திருந்ததாம். கிணற்று விளிம்புக்கும் அதற்கும் ஒரு முழம்தான். இருட்டில் எங்கள் சத்தத்துக்கு எழுந்து ஓடிவந்திருந்தால் எந்தப் பக்கம் ஓடியிருப்பாள் என்று சொல்ல முடியாது. அவர் அதைச் சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் சரசுவை நானே கொண்டுபோய் விட்டேன். ஊர் மாறவில்லை. ஒரு கூப்பாட்டுக்கு என் பெண் கிடைத்தாள் என்பதையே ஊர் டீச்சருக்கு எதிரான சாட்சியாக்கிக்கொண்டது. விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைகளோடு வகுப்பு நடந்தது. மார்கழியில் கேட்காரருக்கு விருத்தாசலம் பக்கம் மாற்றலாயிற்று. காசியின் அம்மா போகும்போது என்னிடம் வந்தாள். "டீச்சர் இருக்குறவரைக்கும் பரவால்லக்கா. அதுக்கப்புறம் எம்புள்ளய யாருக்கா கூப்புடுவாங்க?" என்றாள். அழாதே என்று மட்டும் சொன்னேன்.

தை பிறந்து, பட்டணத்தில் பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பினார்கள். டீச்சருக்கும் அங்கே பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வழியனுப்ப நானும் சரசுவும் மட்டும்தான் போனோம். அதே தகரப் பெட்டி. பிளாட்பாரத்தில் நின்றபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போலக் காத்திருந்தார். பால்காரன் தாங்காததை நான் மட்டும் எத்தனை நாள் தாங்குவேன்?

"சரசுவுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு டீச்சர். பொண்ணு."

"பேரு?"

"வெக்கலீங்க. அதுக்குள்ள போயிடுச்சு."

அவர் முகத்தில் முதல்தடவையாகக் கலக்கத்தைப் பார்த்தேன். "பேரில்லாம எப்படிக் கூப்பிடறது?" என்றார். என்னைக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்தார். ரயில் நகர்ந்தபிறகுதான் விட்டார்.

அவர் போய்க் கொஞ்ச நாள் இருக்கும். கடலை அறுவடையாகிக் கிடங்கில் மூட்டை அடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சரசு அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"காசி அங்கயே உக்காந்திருக்கான்மா. அவனத்தான் இன்னும் யாரும் கூப்புடல."

அதட்டினேன். அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். கடைசியில் மத்தியானத்தில், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவளைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். திரை இல்லை. ஆணியில் சாக்குத் துண்டு ஒன்று தொங்கியது. பின்பாதியில், டீச்சர் நிற்கிற இடத்தில் நின்றேன். என் அம்மா எனக்குச் சொன்னது, நான் சரசுவுக்குச் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி, கேட்டில் ஆடிக்கொண்டு வருகிற அந்தப் பையனை முழுதாக நினைத்துக்கொண்டேன்.

"காசி" என்றேன்.

சரசு உட்கார்ந்திருந்தவள் காலை மடக்கி வழிவிட்டாள். தலையைத் திருப்பி, வருகிறவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது.

"அம்மா, ஒரு பாப்பாவும் அவங்கூட வந்துருக்கு. உள்ள வரமாட்டேங்குது. அங்கயே நிக்குது."

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது பேரு என்னம்மா? பேரு சொன்னாத்தான் வருமாம்."

அந்த இடத்தில் நின்றபடி என் மூத்த பெண்ணுக்குப் பெயர் வைத்தேன். என்ன பெயர் என்று என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கூப்பிட்டேன். சரசு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.